கவுன்சலிங்கா... எனக்கா?

"அப்ப எனக்குக் கிறுக்குன்னு சொல்லுதீங்களா ஐயா?"

என் எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரியை இப்படிக் கேட்டபோது, அவர் குரலில் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம் இருந்தது. வயது 44. கணக்கு டீச்சர். 21 வருட சர்வீஸ். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒருநாள் காலை, கூட்டமான பஸ்ஸில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை கால் சில்லிட்டு, மூச்சு முட்டி, 'இதோ, இப்ப போயிருவோம்' என்று தோன்றிவிட்டது. பாதி வழியிலேயே இறங்கிவிட்டார். கணவர் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்! "வாயுவாத்தான் இருக்கும்" என்று வீட்டில் யாரோ சொல்ல, என்னிடம் வந்தார்.

நானும் எட்டு மாதம் மருந்து கொடுத்தேன். பசி எடுத்தது, ஏப்பம் நின்றது. ஆனால் பயம்? அது இருந்த இடத்திலேயே இருந்தது. இல்லை, வளர்ந்தது. முதலில் பஸ்ஸை விட்டார். பிறகு கோயில் கூட்டத்தை விட்டார். கல்யாண வீடுகளுக்குப் போவது நின்றது. கடைசியில் ஒருநாள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேஜையில் வைத்தார். விருப்ப ஓய்வுக்கான விண்ணப்பம்!

"கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போட்டிருவேன் ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டையும் பார்த்துத்தான் நோயைக் கணிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் மனப்பாடமாக ஒப்பித்த பாடம் அது. அந்த அம்மாவின் நாடியைப் பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். 'மொழி'யை மட்டும் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால், பயத்தைப் பற்றிப் பத்து வார்த்தை சொல்லியிருக்கிறார்!

அன்றைக்குத்தான் சொன்னேன். "கையெழுத்தை ஆறு மாசம் தள்ளிப் போடுங்கம்மா. அதுக்கு முன்னால ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்க." அதற்குத்தான் அந்தக் கேள்வி.

இதே கேள்வி உங்கள் மனதிலும் இருக்கலாம். கவுன்சலிங் என்றால் என்ன, முதல் நாள் என்ன நடக்கும், என்ன கேட்பார்கள் என்பது தெரியாததால்தான் பாதிப் பேர் அந்தப் படியையே மிதிப்பதில்லை. தெரிந்துகொண்டால் தயக்கம் குறையும். வாருங்கள், பார்ப்போம்.

கிறுக்கும் இல்லை, கோழைத்தனமும் இல்லை

சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. இத்தனை காலமாக மனதுக்கு வைத்தியம் நடக்கிற ஓர் ஊரின் பெயரையே நாம் கேலிப் பேச்சாக்கி வைத்திருக்கிறோம்! அந்தக் கேலிதான் பலரின் காலைப் பிடித்து இழுக்கிறது.

பயம் என்பது உடம்பின் காவல்காரன். எதிரே மாடு முட்ட வந்தால் இதயம் வேகமாக அடிக்க வேண்டும், மூச்சு வேகமாக வாங்க வேண்டும். அப்போதுதான் ஓட முடியும். அதற்காக உடம்பு அட்ரினலின் என்ற சுரப்பைக் கொட்டுகிறது. பதற்ற நோயில் நடப்பது என்ன? மாடே இல்லாதபோதும் காவல்காரன் விசில் ஊதுகிறான். நெஞ்சு படபடக்கிறது. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்று மனம் நினைக்கிறது. அந்த நினைப்பால் இன்னும் பயம், அதனால் இன்னும் படபடப்பு. சுற்றிச் சுற்றி ஒரே செக்கு!

நம் ஊரில் 'எனக்குப் பதற்றம்' என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. நெஞ்சடைப்பு, வாயு, பிடரியில் இழுப்பு, வயிற்றுக் கலக்கம், தலைசுற்றல், தூக்கமின்மை என்றுதான் வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நெஞ்சு வலியோ படபடப்போ முதல்முறை வந்தால் 'மனசுதான்' என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். இதயம், தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். அவற்றில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகே மனதின் பக்கம் திரும்ப வேண்டும். அதே சமயம், நார்மல் என்று வந்த பரிசோதனையையே ஊர் ஊராகப் போய்த் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பதும் வேண்டாம்.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலம் படித்தவர். மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியல் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை முடித்துப் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் இருக்கிறார்கள்.

'கவுன்சலர்' என்று போர்டு மாட்டிக்கொள்கிற எல்லோரும் படித்தவர்கள் அல்ல. ஆகவே, "என்ன படிச்சிருக்கீங்க? பதற்றத்துக்கு எந்த முறையில சிகிச்சை தருவீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் ஒரு தடையாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். நேரில் போகத் தயக்கமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

முதல் நாள் என்ன நடக்கும்?

படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்வது, பெண்டுலம் ஆட்டுவது எல்லாம் சினிமாவில்! உண்மையில் இருப்பது ஓர் அறை, இரண்டு நாற்காலி. முதல் சந்திப்பு சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம்.

"என்ன தொந்தரவு? எப்போது ஆரம்பித்தது? அப்போது வீட்டில், வேலையில் ஏதாவது மாற்றம் இருந்ததா? தூக்கம் எப்படி? பசி எப்படி? காபி, டீ எத்தனை? மது, புகை உண்டா? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று கேட்பார்கள். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா?" என்றும் கேட்கலாம். அதிர்ச்சி அடையாதீர்கள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. உண்மையைச் சொல்லுங்கள்.

சிலர் ஒரு கேள்வித்தாளைத் தருவார்கள். ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் பதற்றம் எத்தனை நாள் இருந்தது, கவலையை நிறுத்த முடிந்ததா என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 21. இது பாஸ், ஃபெயில் பரீட்சை அல்ல. நாலு வாரம் கழித்து அதே தாளை நிரப்பினால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

பேசும்போது அழுகை வரலாம். வரட்டும்! அங்கே டிஷ்யூ பேப்பர் வைத்திருப்பதே அதற்குத்தான். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டித் தீர்க்க வேண்டும் என்றும் இல்லை. "இதை இன்னொரு நாள் சொல்லுதேன்" என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

டீச்சர் முதல் நாள் போய்விட்டு வந்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "என்ன ஐயா, அவங்க ஒண்ணுமே சொல்லல. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன்." சிரித்தேன். முதல் நாள் அவர்கள் வேலையே அதுதான்!

போகும்போது கையில்...

1. இதுவரை எடுத்த பரிசோதனை முடிவுகள்.

2. சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல். சூரணம், லேகியம், கஷாயம் உட்பட!

3. அதிகம் தொந்தரவு தந்த இரண்டு மூன்று சம்பவங்கள், ஒரு தாளில் நாலு வரியாக.

4. 'இது சரியானால் நான் என்ன செய்வேன்?' என்பதற்கு ஒரு பதில். டீச்சர் எழுதியது: 'பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போவேன்.'

வெளியே சொல்லிவிடுவார்களா?

பெரும்பாலோரின் முதல் பயம் இதுதான். நீங்கள் பேசுவதை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதை உங்கள் உரிமையாகவே சொல்கிறது. விதிவிலக்கு சில உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தாலோ, நீதிமன்றம் கேட்டாலோ சொல்ல வேண்டி வரலாம். இந்த எல்லை எது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவரோ மனைவியோ கூட வரலாம். கொஞ்ச நேரம் அவரையும் வைத்துப் பேசுவார்கள். பிறகு உங்களுடன் தனியாகப் பேசுவார்கள். வெளியே போகச் சொல்லிவிட்டார்களே என்று வீட்டுக்காரர் மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தடுத்த வாரங்கள்

கவுன்சலிங் என்றால் அறிவுரை என்று நினைத்துக்கொள்கிறோம். 'தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிரும்' என்பதைப் பக்கத்து வீட்டு மாமியே சொல்லிவிடுவாரே! அதற்கு எதற்கு ஃபீஸ்?

பதற்றத்துக்கு நன்கு ஆராயப்பட்ட முறை ஒன்று உண்டு. சி.பி.டி. என்பார்கள். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த வழியிலிருந்து வளர்ந்தது. எண்ணம், உடம்பு, செயல் மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தூண்டுகின்றன என்று பார்த்து, செக்கை ஓரிடத்தில் நிறுத்துவதே இதன் வேலை. வாரம் ஒருமுறை, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. பலருக்கு 12 முதல் 16 முறை தேவைப்படலாம். சிலருக்குக் குறைவு, சிலருக்கு அதிகம்.

வீட்டுப் பாடமும் உண்டு! ஒரு நோட்டில் தேதி, என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடியது என்ன, பயம் நூற்றுக்கு எத்தனை, கடைசியில் நிஜமாக நடந்தது என்ன என்று எழுத வேண்டும். டீச்சர் மூன்று வாரம் எழுதினார். 'மயங்கி விழுவேன்' என்று 11 முறை எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில் 11 முறையும் 'விழவில்லை'. கணக்கு டீச்சர் அல்லவா, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்ததுதான் முக்கியம். பயந்த இடத்தைத் தவிர்த்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் பயம் கந்துவட்டிக்காரன் மாதிரி. நீங்கள் ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் கட்டுவது வட்டி மட்டுமே, அசல் குறையவே குறையாது! அதனால் சின்னச் சின்னப் படியாகப் பயத்தை எதிர்கொள்ள வைப்பார்கள். டீச்சருக்கு ஆலோசகர் போட்ட படிகள் இவை:

பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நிற்பது. கணவருடன் ஒரே ஒரு ஸ்டாப் போவது. கணவர் பின் சீட்டில் இருக்க மூன்று ஸ்டாப். தனியாக, கூட்டமில்லாத மதிய பஸ்ஸில். கடைசியில், காலை எட்டு மணி பஸ்!

ஒவ்வொரு படியிலும் பயம் தானாகக் குறையும் வரை அங்கேயே இருக்க வேண்டும். இப்படித் திடீரென்று தாக்கும் பயம் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கிவிடும். பாதியில் இறங்கி ஓடுகிறவருக்கு அது இறங்குவதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

இதில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. டீச்சர் பஸ் ஏறும்போதெல்லாம் கைப்பையில் நான் கொடுத்த சூரணப் பொட்டலத்தை வைத்துக்கொள்வாராம். அதைத் தொட்டுப் பார்த்தால்தான் தைரியம்! நாலாவது வாரம் ஆலோசகர், "இனிமே அந்தப் பொட்டலத்தை வீட்டுல வச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. என் மருந்தையா? யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். பொட்டலம் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் நினைக்கிற வரைக்கும், பயம் போனதாக அர்த்தம் இல்லையே!

முதலில் கூடும்... பயப்படாதீர்கள்

மூடி வைத்ததைத் திறக்கும்போது முதல் சில வாரங்களில் தொந்தரவு கூடினது போலத் தோன்றலாம். பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஐந்தாவது வாரம் டீச்சரும் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார். 'இனி போக மாட்டேன்' என்றார். போனார். ஆலோசகர் ஒரு படி கீழே இறக்கி மறுபடி ஆரம்பித்தார். சறுக்கினால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை. மறைக்காமல் அங்கே போய்ச் சொல்லுங்கள்.

நாலைந்து சந்திப்புக்குப் பிறகும் அவரோடு மனம் ஒட்டவில்லையா? அதையும் நேரிடையாகச் சொல்லுங்கள், வேறு ஒருவரைப் பாருங்கள். ஆனால் உங்களை மட்டம் தட்டிப் பேசுகிறவர், 'ஒரே நாளில் குணம்' என்று சத்தியம் செய்கிறவர், மற்ற மருந்துகளை உடனே நிறுத்தச் சொல்கிறவர், தேவையில்லாமல் தொட்டுப் பேசுகிறவர் என்றால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

மருந்தும் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். பதற்றம் கடுமையாக இருந்தால் மனநல மருத்துவர் மாத்திரை தரலாம். இதற்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அவை அடிமைப்படுத்தும் ரகமல்ல, ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடனே தூக்கம் தரும் சில மாத்திரைகள் பழக்கமாகிவிடும் தன்மை உள்ளவை. அவற்றை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

எங்கள் பக்கமும் சொல்லிவிடுகிறேன். அமுக்கரா போன்ற மருந்துகளைத் தூக்க மாத்திரையோடும் தைராய்டு மாத்திரையோடும் உங்கள் இஷ்டத்துக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். இரண்டு டாக்டர்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மூச்சுப் பயிற்சியில் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது நல்லது. வேக வேகமாக மூச்சு விடும் பயிற்சிகள் படபடப்பைக் கிளறிவிடலாம், அவற்றைத் தள்ளி வையுங்கள். காபி, டீயைக் குறையுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், தினம் அரை மணி நடை. இவையெல்லாம் துணை. கவுன்சலிங்குக்குப் பதில் அல்ல.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

"சும்மா கண்டதையும் யோசிக்காதே" என்று சொல்லாதீர்கள். யோசிக்காமல் இருக்க முடிந்தால் அவர் ஏன் அங்கே போகிறார்? அதற்காக அளவுக்கு மீறித் தாங்கவும் வேண்டாம். டீச்சரின் கணவர் அரை மணிக்கொரு தரம் போன் செய்து "நல்லா இருக்கியா?" என்று கேட்பார். அன்புதான்! ஆனால் ஒவ்வொரு போனும், 'ஆபத்து இருக்கிறது' என்று அவருக்கு ஞாபகப்படுத்தியது. ஆலோசகர் சொன்ன பிறகு மாலையில் ஒரு போன் என்று குறைத்துக்கொண்டார். "அவளைவிட எனக்குத்தான் அது கஷ்டமா இருந்திச்சு" என்றார் என்னிடம்.

செத்துவிடலாம் என்ற எண்ணம், நாட்கணக்கில் தூக்கமே இல்லாமை, யாரோ காதில் பேசுவது போல் கேட்பது... இவை இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தனியாக விடாதீர்கள்.

டீச்சர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? மொத்தம் 15 முறை போனார். நான் கேட்டிருந்த ஆறு மாதம் முடிவதற்குள் காலை எட்டு மணி பஸ்ஸில் தனியாகப் போனார். பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் கூட்டம் நெரிக்கும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறதாம். "அடிச்சிக்கிட்டா அடிச்சிக்கிடட்டும்னு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்திருவேன் ஐயா. ரெண்டு ஸ்டாப்புல அதுவா இறங்கிருது" என்றார்.

அந்த விண்ணப்பம்? கிழித்துப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லையாம். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட எடுத்துக்கொண்டாராம்.

உங்கள் கைப்பையிலும் அப்படி ஒரு தாள் இருக்கலாம். வேலையை விடுவது, ஊருக்குப் போகாமல் இருப்பது, மகள் கல்யாணத்தில் மேடை ஏறாமல் ஒதுங்கி நிற்பது என்று ஏதோ ஒன்று. கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒருமுறை, இரண்டு நாற்காலி போட்ட அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள்.